வெட்டாமல் நின்ற வேளாண்மை

கசெட் வந்த அன்று கரண்ட் இல்லை. சவூதியிலிருந்து லீவில் ஊர் வந்த மருதமுனைக்காரர் ஒருவர் அதைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போயிருந்தார். உறையின் மேல் என் பெயர் இங்கிலிஷ் எழுத்தில் இருந்தது. தமிழில் எழுதினால் வழியில் தொலைந்துவிடும் என்று யாரோ என் கணவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி ஜௌபர் கடைக்குப் போய்ப் பற்றரி வாங்கி வந்தான். பாயை விரித்து உம்மா, என் இரண்டு பெண்பிள்ளைகள், தம்பி, நான் எல்லோரும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்தோம். அடுப்பில் சுண்டல்மீன் கருகும் வாசம் வந்தும் உம்மா எழும்பவில்லை.

முதலில் ஒரு இரைச்சல். சவூதியில் அவர்கள் படுக்கும் அறையில் ஓடும் ஏ.சி. மெசினின் சத்தம் அது. பிறகு என் கணவரின் குரல். எல்லோருக்கும் பெயர் சொல்லி ஸலாம். பிள்ளைகளுக்குப் புத்திமதி. உம்மாவின் கால்வலிக்கு விசாரிப்பு. கடைசியில் எனக்கு.

“இந்த முறை அனுப்புற காசில மேல்தட்டுக்குக் கொங்கிரீட் போட்டுரணும் புள்ள. நோம்புக்கு முன்ன மேசனைப் புடி. ரெண்டு பொம்புளப் புள்ள இரிக்கி. ஒரு ஊட்டை வெச்சிக்கிட்டு என்ன செய்யிற?”

அதோடு ஒரு இருமல். பிறகு திரும்பவும் அந்த இரைச்சல்.

அவர் குரல் மெலிந்து கேட்டது. தூரத்தால் அப்படிக் கேட்கிறது என்று நினைத்தேன். அது களைப்பு என்று விளங்க எனக்கு வருஷங்கள் எடுத்தன.

என் பெயரில் இருந்த சேறு

போன கிழமை இந்தப் பத்தியில் என் கலியாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகத் தம்பி, “உங்கட பக்கம் காணியும் வீடும் பொம்புளைகளுக்குத்தானா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஓம், தம்பி. எங்கள் கிழக்குக் கரையில் அப்படித்தான். பெண்ணுக்கு வீடு கட்டாமல் கலியாணம் இல்லை. வசதி உள்ள வாப்பா என்றால் வயலும் எழுதுவார்.

என் வாப்பா நாவிதன்வெளிக்கு அப்பால் வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளி ஒன்றில் ஐந்து ஏக்கர் எழுதித் தந்தார். எழுதித் தந்த அடுத்த வருஷம் மௌத்தாகிவிட்டார். என் கணவர் கல்முனை பஸாரில் புடவைக் கடையில் நின்றவர். துணியைக் கையில் தொட்டு இது இன்ன நூல் என்று சொல்வார். சேறு அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நிந்தவூரில் வீட்டுக்குள் இருந்துகொண்டு, வயல் என்பது போகம் முடியும்போது வாசலுக்கு வரும் சாக்கு என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

ஆகவே காணி குத்தகைக்குப் போயிற்று. எடுத்தவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அடுத்தவரின் காணியில் யார் வாய்க்கால் வெட்டுவார்? கடைசி இரண்டு ஏக்கருக்குத் தண்ணீர் ஏறாமல் பற்றைக்காடு மூடிவிட்டது. வாசலுக்கு வரும் சாக்கும் போகத்துக்குப் போகம் குறைந்தது. அதைப்பற்றி யாரும் கதைக்கவில்லை. என் கணவர் சவூதிக்குப் போனபின் நாங்கள் அரிசியைக் கடையில் வாங்கத் தொடங்கினோம். ஐந்து ஏக்கர் வயலுக்குச் சொந்தக்காரி, கடைக்காரனிடம் நாட்டரிசி இருக்கிறதா என்று கேட்டு நின்றேன்.

ஹோல்ட்டில் நின்ற பொடியன்மார்

அந்த நாட்களில் பெரிய ரோட்டு பஸ் ஹோல்ட்டில் எந்த நேரமும் பொடியன்மார் நிற்பார்கள். பஸ் ஏறுவதற்கல்ல. எல்லோருடைய சேர்ட் பொக்கட்டிலும் பாஸ்போட் படம் இருக்கும். கொழும்பில் வெளிநாட்டு வேலை ஏஜென்சி வைத்திருப்பவரின் ஆள் எப்போது வருவார் என்பதுதான் பேச்சு.

ஜௌபரும் அங்கேதான் நின்றான். இரண்டாம் முறையும் ஏ.எல். சோதனை சரிவரவில்லை. வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவான், படுப்பான், திரும்பவும் ஹோல்ட்டுக்குப் போவான். பிள்ளை நல்ல பிள்ளை. கை சும்மா இருந்தது, அவ்வளவுதான்.

ஒருமுறை பாடசாலை மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். இளைஞர்கள் விவசாயத்துக்கு வர வேண்டும், மண்தான் தங்கம் என்று வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் ஸ்பீக்கரில் கதைத்தார். ஜௌபரும் கூட்டாளிமாரும் சோடா தருவார்கள் என்று போனார்கள். திரும்பி வந்து என்னிடம் சொன்னான்.

“அவர்ர மகன் என்ன செய்யிறார் என்டு கேட்டன் ராத்தா. கொழும்பில பேங்கில வேலையாம்.”

“அதுக்கு நீ என்ன சொன்ன?”

“என்னத்தச் சொல்ற? சோடாவக் குடிச்சிட்டு வந்தன்.”

சிரித்தோம். ஆனால் அன்று இரவு படுத்தபின், மண்டபத்தில் கதைத்தவர் சொன்னதை என்னால் முழுக்கத் தள்ள முடியவில்லை. காணி என் பெயரில் இருக்கிறது. கை சும்மா இருக்கும் தம்பி வீட்டில் இருக்கிறான். காசு கடல்கடந்து வருகிறது. மூன்றும் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

கசெட்டுக்குப் பதில் பேச வேண்டிய நாள் வந்தபோது உம்மாவையும் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

“இஞ்ச பாருங்க. மேல்தட்டு இப்ப போடல்ல. அந்தக் காசில வாய்க்கால வெட்டி, வரம்பக் கட்டி, நம்மட காணிய நாமளே செய்யப் போறம். ஜௌபர் செய்வான். நான் பாத்துக்கிருவன். புள்ளயளுக்கு ஊடு வேணும்தான். சோறும் வேணும். கோபிக்காதீங்க.”

நேரில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன். முகம் இல்லாத மெசினுக்குச் சொல்வது லேசாக இருந்தது.

அவருடைய பதில் வர வெகுநாள் எடுத்தது. “உன்ட காணி. நான் என்னத்தச் சொல்ல? ஒரு போகம் செய்து பாரு” என்று ஒரு வரி. மற்றதெல்லாம் பிள்ளைகளுக்குத்தான்.

முதல் போகம்

காணியைக் குத்தகைக்காரரிடமிருந்து திருப்பி எடுத்ததும் ஜௌபர் மூன்று கூட்டாளிமாரைச் சேர்த்தான். ஒருவன் முதல் கிழமையே காய்ச்சல் என்று வீட்டில் நின்றுவிட்டான். மற்ற இருவரும் தம்பியும் பற்றை வெட்டினார்கள், தூர்ந்த வாய்க்காலைத் தோண்டினார்கள். கையெல்லாம் கொப்புளம். ஜௌபர் சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டி கேட்டான். உம்மா அழுதுவிட்டா.

“படிச்ச புள்ளைய மம்பட்டி புடிக்க வெச்சிட்டியே” என்று என்னைப் பார்த்துச் சொன்னா.

“படிச்சி என்ன கண்டன் உம்மா?” என்றான் அவன்.

அவர் அடுத்து அனுப்பிய காசில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து உழுகிற ரெண்டு சில்லு மெசின் ஒன்று வாங்கினோம். ஜௌபரின் முகம் அன்று எப்படி இருந்தது என்பதை என்னால் எழுத முடியாது. யாரையும் தொட விடமாட்டான். வேலை முடிந்ததும் வாய்க்காலில் இறக்கி, மாடு கழுவுவதுபோல் கழுவுவான். வயலில் இருந்த வாடிக் குடிசையில் அதற்குப் பக்கத்திலேயே படுப்பான். ஹோல்ட்டுக்குப் போவதை அவன் நிறுத்தியதை நான் ஒருநாள் தற்செயலாகத்தான் கவனித்தேன்.

களை பிடுங்கும் நேரம் வந்தது. பொடியன்மாரால் அது ஆகாது. வட்டை ஓரத்துத் தமிழ்க் குடியிருப்பிலிருந்து பூமணி அக்கா தன் ஆட்களான பெண்களைக் கூட்டிவந்தா. என்னை விடப் பத்து வயது மூத்தவ. புருஷன் இல்லை. யாரும் தன்னை ஏமாற்ற விடாத பேச்சு.

அவதான் ஜௌபரிடம் சொல்லி அனுப்பினா, காணிக்காரியை ஒருநாள் வரச் சொல்லி. டிராக்டர் பெட்டியில் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு போனேன். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் அப்படிப் போனதில்லை. மாமி வீட்டிலிருந்து அன்று பின்னேரமே ஆள் வந்தது. ஆம்பிளை வெளிநாட்டில், பொம்பிளை வட்டையில், ஊர் என்ன சொல்லும் என்று. ஊர் சொல்லத்தான் செய்தது. சில மாதங்களில் களைத்துப்போய் விட்டுவிட்டது.

வரம்பில் நின்ற என்னைப் பூமணி அக்கா மேலும் கீழும் பார்த்தா.

“இதா உங்கட காணி. முதல் தரம் பாக்கிறயளா?”

“ஓம் அக்கா.”

“காணிக்குச் சொந்தக்காரர் வந்து பாத்தாத்தான் வேலைக்காரருக்கும் ஒரு இது வரும். இனிக் கிழமைக்கு ஒருக்கா வாங்க. ஒண்டும் செய்ய வேணாம். வந்து நிண்டாப் போதும்.”

போய் நின்றேன். கிழமைக்குக் கிழமை நின்றேன். வாடியில் அவ காய்ச்சும் தேத்தண்ணியில் புகை மணக்கும். அதைக் குடித்துக்கொண்டு என் பிள்ளைகளைப் பற்றியும் அவவின் மகளைப் பற்றியும் கதைப்போம். அவவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் போகம் விளைந்தது. கடைசி இரண்டு ஏக்கரிலும் விளைந்தது. நெல் மூட்டைக்கு மேல் ஜௌபர் ஏறி உட்கார்ந்து தெருவுக்குள் வந்தான். வீட்டு முன்கூடம் முழுக்க மூட்டை அடுக்கி, தூசியில் பிள்ளைகள் இரண்டும் விடிய விடிய இருமின. புது நெல் அவிக்கும் மணம் வீட்டை விட்டுப் போகக் கிழமைகள் ஆயின. காய்ச்சல் என்று நின்ற கூட்டாளி திரும்பி வந்து, அடுத்த போகத்துக்குத் தன்னையும் சேர்க்கச் சொன்னான்.

அவர் லீவில் வந்தார்

வந்த மறுநாள் வயலைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். வரம்பில் கொஞ்சத் தூரம் நடந்தார். மெசினைத் தடவிப் பார்த்தார். பிறகு வாடிக்குள் போய்ச் சாக்கு விரித்துப் படுத்தார்.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுப் படுத்தவர் பின்னேரம் அஸர் வரை எழும்பவில்லை. வாயைத் திறந்துகொண்டு, ஒரு கை மண்ணில் விழுந்து கிடக்கத் தூங்கினார். கை முழுக்கக் காய்ப்பு. புடவையைத் தொட்டு நூலைச் சொன்ன கை அது.

நான் எழுப்பப் போனேன். “விடுங்க. எவ்வளவு நாளைக்கப்புறம் தூங்கிறாரோ” என்றா பூமணி அக்கா.

திரும்பி வரும்போது அவர் சொன்னார். “நல்ல காத்து புள்ள. இன்னம் ரெண்டு வருஷம். மறுகா வந்து நானே இதைச் செய்யிறன்.”

அந்த ரெண்டு வருஷம் நீண்டுகொண்டே போனது. மேல்தட்டு வரவேயில்லை. கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருப்பிடித்து, ஒரு மழையில் ஒடிந்து விழுந்தன. பின்னாளில் மூத்தவளுக்கு அந்த வீடும் இளையவளுக்கு இந்த வயலும் போயின. இளையவள் தனக்கு நல்ல பங்கு வந்ததாக இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளையும் குறை சொல்ல முடியாது.

பாதை பூட்டியது

அவர் லீவு முடிந்து போனபின் வந்த பெரும்போகத்துக்கு மழை பிந்தியது. விதைப்பும் பிந்தியது. மற்ற வட்டைகளில் அறுத்துச் சூடு அடித்து முடிந்தபின்னும் எங்கள் வேளாண்மை பச்சை மாறிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் நிற்கிற நெற்பயிருக்கே வேளாண்மை என்றுதான் பெயர்.

அப்போதுதான் ஊர்களுக்கு நடுவே கலவரம் தொடங்கியது. யார் தொடங்கியது என்று ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கதை. நான் எல்லாக் கதைகளையும் கேட்டிருக்கிறேன். இப்போது எதையும் திரும்பச் சொல்ல மனம் இல்லை. எங்களுக்கும் வயலுக்கும் நடுவில் தமிழ் ஊர்கள் இருந்தன. அவர்களுக்கும் பஸாருக்கும் நடுவில் எங்கள் ஊர்கள் இருந்தன. ரோட்டில் டயர் எரிந்தது. ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். பின்னேரங்களில் மேற்கே புகை எழும்பும். அது வைக்கோலா வீடா என்று முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்போம்.

ஜௌபர் கூண்டில் அடைத்தவன்போல் நடந்தான். மெசின் வாடியில் கிடந்தது.

“முத்திப் போய் நிக்கிது ராத்தா. இன்னம் பத்து நாள் விட்டா எல்லாம் கொட்டுண்டுரும். நானும் இவனுகளும் ஒரு டிராக்டர எடுத்துக்கிட்டுப் போய் வாறம்.”

“போகாத.”

“பூமணி அக்காட ஊருதானே. நம்மள என்ன செய்யப் போறாக?”

“பூமணி அக்கா ஒன்டும் செய்ய மாட்டா. வழியில நிக்கிறவன் பூமணி அக்கா இல்ல.”

அவன் போகவில்லை. என் சொல்லுக்காக அல்ல. அன்று காலை வட்டைக்குப் போன இருவர் திரும்பவில்லை என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். அவர்கள் எங்கள் தெருக்காரர் அல்ல, ஆனாலும் கூட்டாளிமாரின் உம்மாமார் வந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

சில கிழமைகளில் செய்தி வந்தது. எங்கள் வேளாண்மையை அந்தப் பக்கத்து ஆட்கள் வெட்டி, அடித்து, கொண்டுபோய்விட்டார்களாம். சொன்னவர் கண்ணால் கண்டதுபோல் சொன்னார். அப்படித்தான் நடக்கும் என்றார்கள் எல்லோரும். அன்று பின்னேரம் ஜௌபர் அலுமாரிக்குள் கையை விட்டுப் பாஸ்போட் படத்தைத் தேடினான்.

ஏஜென்சி ஆள் வந்தார். விஸா வந்தது. கத்தாருக்கு. போவதற்கு முதல் நாள் குசினி வாசலில் வந்து நின்றான்.

“ராத்தா, வேலைக்குப் பயந்து போறன் என்டு நினைக்காத. பாதைக்குப் பயந்துதான் போறன்.”

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்து முடித்தேன்.

நான் கண்டது

கலவரம் ஓய்ந்து, பாதை பகலில் மட்டும் திறந்தது. காணிக்காரர் சிலர் ஒரு டிராக்டர் பெட்டியில் போய்ப் பார்க்க முடிவெடுத்தார்கள். நானும் ஏறிக்கொண்டேன். இந்த முறை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெட்டியிருந்தால் தாள் நிற்கும். எனக்கே அது தெரியும் அளவுக்கு வயலில் நின்றிருக்கிறேன். எங்கள் காணியில் தாள் இல்லை. ஒரு கதிர்கூட வெட்டப்படவில்லை. முழு வேளாண்மையும் அப்படியே படுத்துக் கிடந்தது. மழை பட்டுக் கறுத்து, கொட்டுண்ட நெல் முளைத்து, அதற்குள் மாடுகள் நின்று தின்றுகொண்டிருந்தன. புளித்த மணம். கிளிகள் கூட்டமாக எழும்பித் திரும்பவும் இறங்கின.

யாரோ களவெடுத்துத் தின்றிருந்தால்கூட அவ்வளவு வலித்திராது. ஒருவர் வயிற்றுக்கும் போகாமல் மண்ணுக்குப் போயிருந்தது.

வாடிக் கூரை சரிந்திருந்தது. மெசின் இல்லை. நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும்.

கூட வந்தவர்கள் தங்கள் காணிகளுக்குப் போய்விட்டார்கள். நான் வரம்பில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துப் பூமணி அக்கா வந்தா. நன்றாக மெலிந்திருந்தா. பக்கத்தில் உட்கார்ந்தா. முதலில் இருவரும் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“நீங்க வந்து வெட்டிக்கொண்டு போயிருப்பயள் எண்டுதான் நினைச்சன்” என்றா. “எங்களுக்கு அப்பிடித்தான் சொன்னவங்க. ஆமிக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்து வெட்டினது எண்டு.”

“நீங்க எங்க இருந்தீங்க அக்கா?”

“அகதியா ஒரு ஸ்கூலில. பிறகு இன்னொரு ஸ்கூலில. வீட்டுக்கு வந்து ஒரு கிழமை ஆகுது. வீடு எண்டு சுவர்தான் இருக்கு.”

“மகள்?”

“திருகோணமலைக்கு அனுப்பிட்டன். என்ட தங்கச்சியிட்ட.”

என் கண் வாடிப் பக்கம் போனதை அவ கண்டா.

“மெசினைக் கொண்டு போனது ஆரெண்டு தெரியும் எண்டாலும் பொய், தெரியா எண்டாலும் பொய். என்னட்டக் கேக்காதீங்க தங்கச்சி.”

அதுவரை அவ என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. நான் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. ஜௌபருக்குப் பேசி அனுப்பிய கசெட்டில் மெசின் பழுதாகிக் கிடக்கிறது என்று சொன்னேன். அவன் நம்பியிருக்க மாட்டான். திரும்ப விசாரிக்கவும் இல்லை.

பாதி வயல்

அடுத்த விதைப்புக் காலம் வந்தது. குத்தகைக்குக் கேட்டு யாரும் வரவில்லை. விற்கலாம் என்றால் வாங்கவும் ஆள் இல்லை. ஜௌபரின் கூட்டாளிகளில் ஒருவன் குவைத்தில், ஒருவன் கொழும்பில் ஏஜென்சி வாசலில். காய்ச்சல்காரன் மட்டும் ஊரில் இருந்தான். அவன் உம்மா அவனை வட்டைக்குப் போகும் பாலத்துக்கு அப்பால் விடவில்லை.

ஒரு டிராக்டர்காரர் அரை நாளுக்கு மட்டும் வரச் சம்மதித்தார். வெயில் சாய முன்னர் ஊருக்குள் நிற்க வேண்டும் என்பது அவர் பேச்சு. அரை நாளில் பாதி வயல்தான் உழுது சேறாக்க முடிந்தது. முளை கட்டிய விதைநெல் இரண்டு மூட்டை வரம்பில் இருந்தது. விதைக்க ஆம்பிளை ஆள் இல்லை. டிராக்டர்காரர் தன் வேலை அது இல்லை என்று பீடியைப் பற்றவைத்தார்.

பூமணி அக்காவோடு வந்தது இன்னும் ஒரே ஒரு பெண். முன்பெல்லாம் வரம்பு நிறைய வருவார்கள்.

“நாங்களே எறிவம்” என்றா அவ.

“எனக்குத் தெரியா அக்கா.”

“எனக்கும் சரியாத் தெரியா. கண்டிருக்கிறம்தானே.”

செருப்பைக் கழற்றினேன். அத்தனை கிழமை வரம்பில் நின்றவள், அன்றுதான் முதன்முதலாகச் சேற்றுக்குள் இறங்கினேன். குளிர் முழங்கால் வரை ஏறியது. காலைத் தூக்குவதே பெரிய வேலை. கடகத்தை இடுப்பில் வைத்து அள்ளி எறிந்தேன். ஓரிடத்தில் குவிந்தது, ஓரிடத்தில் விழவேயில்லை. பூமணி அக்கா எனக்குப் பின்னால் வந்து வெறும் இடங்களுக்கு எறிந்தா. கை வலித்து, பிறகு மரத்து, பிறகு தோளிலிருந்து தானாகவே போய்வந்தது.

முடிந்தபோது டிராக்டர்காரர் கோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். உழாத மற்றப் பாதி, பழைய வேளாண்மையின் கறுத்த வைக்கோலோடு அப்படியே கிடந்தது. அதற்கு அந்தப் போகம் ஒன்றும் செய்ய முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

வாய்க்காலில் கால் கழுவினோம். குனிய முடியாமல் நின்ற எனக்குப் பூமணி அக்கா கையால் தண்ணீர் அள்ளி ஊற்றினா.

“தண்ணி வடிக்கோணும். நாளைண்டைக்கு வருவயளா தங்கச்சி?”

“பாதை திறந்திரிந்தா வாறன் அக்கா.”

“ஓம்” என்றா அவ. “திறந்திருந்தா நானும் இருப்பன்.”